இடது பக்கம் விழுந்த அம்புகள்

நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, டண்டினொங் புறநகரில் வாடகை வீடுகளில் வளர்ந்த காலத்தில் போய் நிற்கும். அந்த நேரங்களில் நான் அதிகம் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் உங்களில் ஒருத்தி, “உன்ரை அப்பா வில்லும் அம்புமாய்த் திரிஞ்சவரெல்லே, அது என்ன கதை?” என்று கேட்டபோதும் சிரித்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியாராக இருந்தவர். இங்கே லொறிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பார். ஆனால் இங்குள்ளவர்கள் வாய் திறந்தால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. “சொல்லெல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு வருது” என்பார். எனக்குப் பிடிபட்டது. பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலை குனிகிற பிள்ளை நான். ஆனால் வங்கியிலும், டாக்டரிடமும், வீட்டுக்காரரிடமும் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசினேன். அவர்கள் பேசி முடித்ததும் அப்பா என் பக்கம் குனிந்து, “என்னவாம்?” என்று கேட்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எங்கேயும் போகத் தயாராக இருந்தேன்.

வில் எங்கள் வீட்டுக்குள் வந்தது சாப்பாட்டு வழியாக. தொழிற்சாலை ஃபோர்மன் நரைத்த தாடிக்காரர், உயரமானவர், ஒரு விஷயத்தை ஒரு முறைதான் சொல்லும் மனிதர். மதிய இடைவேளையில் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு திங்கட்கிழமை தான் வேட்டையாடிய முயல் ஒன்றை உரித்துப் பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா பையைத் திறந்து பார்த்தார். “இஞ்சாருங்கோ, இது முயல்தானே? வால் இல்லாத பூனை ஒண்டும் இல்லையே?”

“உனக்குச் சந்தேகமெண்டால் மியா எண்டு கூப்பிட்டுப் பாரன்.”

வறுத்த தூள் போட்டு, பெருஞ்சீரகம் தூக்கலாக, பிரட்டல் கறியாக வைத்தார். மறுநாள் அப்பா அதில் பாதியை ஃபோர்மனுக்குக் கொண்டுபோனார். அந்த மனிதர் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் படம் வரைந்து அப்பாவிடம் நீட்டியிருக்கிறார். ஒரு வில், ஒரு முயல், ஒரு வட்டத்துக்குள் ஆறு அம்பு. பக்கத்தில் ஈஸ்டர் என்று எழுதியிருந்தது. அப்பா அந்தக் காகிதத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவரை ஒருவர் ஓரிடத்துக்கு வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது ஞாபகம்.

ஞாயிறு காலைகளில் நானும் அப்பாவும் காரில் ரோவில் என்ற புறநகரைத் தாண்டிப் போவோம். வீடுகள் முடிந்து, மாடுகள் மேயும் சரிவில் வில்வித்தைக்காரர்களின் மைதானம். ஒரு தகரக் கொட்டகை. வரிசையாக வைக்கோல் கட்டுகள். யூகலிப்டஸ் இலையும் ஈரப் புல்லும் கலந்த வாசம். அங்கே யாரும் சக்கரமும் குறிபார்க்கும் கருவியும் வைத்த புது வில் தொடமாட்டார்கள். ஃபோர்மனிடம் இருந்தது என்னைவிட உயரமான, நேர்க்கம்பு மாதிரி நெட்டை வில். அப்பாவுக்கு இரவல் கொடுத்தது சின்னது, இரண்டு முனையும் வெளிப்பக்கமாக வளைந்தது. ரிகேர்வ் என்பார்கள். அதன் நடுவில் அம்பு உட்கார ஒரு பக்கம் மட்டும் சின்னத் தட்டு செதுக்கியிருக்கும். அதனால் வலக்கைக்காரருக்கு ஒரு வில், இடக்கைக்காரருக்கு வேறு வில்.

நாணுக்குத் தேன்மெழுகு பூசும் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அம்புகள் தேவதாரு மரம். முறிந்தால் பென்சில் சீவிய வாசம் வரும். முயலுக்கான அம்பின் நுனி கூராக இராது, மொட்டையாக இருக்கும். முன்கையில் நாண் அடிக்காமல் இருக்க அம்மாவின் பழைய கைப்பையை வெட்டி ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். அம்பு போட அப்பா தண்ணீர்க் குழாய் ஒன்றை அறுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “அம்பறாத்தூணி” என்று ஃபோர்மனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் மூன்று முறை முயன்று, “பைப்” என்று முடித்துக்கொண்டார்.

ஃபோர்மனின் சட்டம் இதுதான். காகிதச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வைக்கோலில் குத்துவார். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மீட்டருக்குள் ஆறு வெவ்வேறு இடங்களில் நின்று ஆறு அம்பு. குறைந்தது ஐந்து அம்பு தட்டில் பட வேண்டும். படாதவரை அவர் வேட்டைக்குக் கூட்டிப் போகமாட்டார். அரைகுறையாக அடிபட்டு ஓடும் பிராணியைப் பிறகு யார் தேடுவது என்று என்னிடம் கேட்டார். ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு சோதனை.

அப்பா தட்டில் அடிக்கவில்லை. தட்டுக்கு இடது பக்கம் அடித்தார். ஒரு அம்பு இரண்டு அம்பு என்றால் பரவாயில்லை, எல்லாமே இடது பக்கம். கணித வாத்தியார் இல்லையா, கட்டம் போட்ட கொப்பியில் ஒவ்வொரு அம்பு விழுந்த இடத்தையும் புள்ளி வைத்தார். புள்ளிகள் எல்லாம் எறும்புக் கூட்டம் மாதிரி ஒரே ஓரத்தில். சராசரி கண்டுபிடித்து, அந்த அளவுக்கு வலது பக்கம் தள்ளிக் குறிபார்த்தார். ஒரு கிழமை அது பலித்தது. நின்ற இடத்தை மாற்றியதும் கணக்குப் பிழைத்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தார், தூரம் பிடிபடவில்லை. கண்ணாடி எடுத்தார். அம்மா கரட் அரைத்துக் கொடுத்தார். பிறகு கண்ணூறு என்று முடிவு கட்டி, ஞாயிறு திரும்பி வந்ததும் வாசலில் நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றினார்.

மாடி வீட்டு அங்கிள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் நம்மூர்தான். “என்ன மாஸ்டர், முயலெல்லாம் சுகமாய் இருக்கினமோ?”

“உம்மை விசாரிச்சதாய்ச் சொல்லச் சொன்னவை” என்பார் அப்பா. சிரிப்பு கதவைச் சாத்தும் வரைக்கும்தான் இருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், இருந்தது. அப்பா ஆறு அம்பும் விட்டுவிட்டு வைக்கோலிலிருந்து அவற்றைப் பிடுங்கப் போயிருந்தார். ஃபோர்மன் என்னிடம் வந்து, உன் அப்பா தூரத்துக் கம்பத்தைக் காட்டும்போது எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்று கவனித்தேன், அவருக்கு ஓங்கியிருப்பது இடது கண், அவர் அறியாமலே குறி பிடிப்பது அதுதான் என்றார். வலது கையால் இழுக்கும்வரை அம்பு இடது பக்கம்தான் போகும். கொட்டகையில் இடக்கை வில் ஒன்று சும்மா கிடக்கிறது, இன்றைக்கே அதை எடுத்து இடது கையால் இழுத்துப் பழகச் சொல், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்.

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

ஆனால் நீங்கள் எங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீடும் அப்படித்தான் இருந்திருக்கும். இடக்கையால் ஒன்றைக் கொடுத்தால் அம்மா வாங்கமாட்டார். அப்பா அதைவிடக் கண்டிப்பு. அந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு வீட்டில் நான் யோசனையில்லாமல் இடக்கையை நீட்டித் திருநீறு வாங்கப் போனபோது, அத்தனை பேருக்கு முன்னால், “எந்தக் கையாலை வாங்கிறாய்?” என்று என் புறங்கையில் ஓங்கித் தட்டினார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அவரைப் பார்த்து, உங்களை இடக்கையால் செய்யச் சொல்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கெட்ட வார்த்தை ஒன்றை மொழிபெயர்க்கச் சொன்ன மாதிரி எனக்குக் காது சூடேறியது.

அப்பா அம்புகளோடு திரும்பி வந்து குனிந்தார். “என்னவாம்?”

“இன்னும் பழக வேணுமாம்.”

“அவ்வளவுதானோ? நிறையக் கதைச்ச மாதிரி இருந்தது.”

“அவ்வளவுதான்.”

அடுத்த ஞாயிறு அப்பா பழைய வில்லையே எடுத்தார். ஃபோர்மன் என்னைப் பார்த்து, சொன்னாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அப்பா பிடிவாதக்காரர் என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்த மனிதருக்குத் தன்மீது ஏதோ சலிப்பு வந்துவிட்டது என்று அப்பா நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன்.

பழக வேண்டும் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அப்பா பழகினார். வேலை விட்டு வந்ததும் கார்க்கொட்டிலில் பழைய கம்பளத்தைச் சுருட்டித் தொங்கவிட்டு, வெளிச்சம் போகும்வரை அதில் அடித்தார். டொக், டொக் என்று குசினிக்குக் கேட்கும். நான் வீட்டுப்பாடம் செய்தபடி எண்ணிக்கொண்டிருப்பேன். பட்டையையும் மீறி நாண் அடித்து முன்கை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. அம்மா ஒத்தடம் கொடுக்கும்போது, “விட்டுத் தொலையுங்கோவன். கடையிலை ஆடு இருக்கு, கோழி இருக்கு” என்பார். “நான் முயலுக்காகவோ போறன்?” என்பார் அப்பா. அதற்குமேல் சொல்லமாட்டார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு நாள் தள்ளினால் இன்னொரு நாளும் தள்ளத்தான் வந்தது. பிறகு சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வரும். கூச்சம் உள்ள பிள்ளைகள் அமைதியான பிள்ளைகள், நல்ல பிள்ளைகள் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். என்னைப் பற்றியும் அப்படித்தான் எண்ணினார்கள்.

சோதனை நாளன்று லேசான தூறல். இறகு நனையாமல் அப்பா அம்புகளைச் சட்டைக்குள் வைத்திருந்தார். வேட்டைக்குப் போகிற மற்ற மூன்று பேரும் கொட்டகை ஓரமாக நின்றார்கள். முதல் அம்பு தட்டில் பட்டது. இரண்டாவது இடது பக்கம். மூன்றாவதும். நாலாவதற்கு அப்பா வெகுநேரம் இழுத்துப் பிடித்தார். இடது பக்கம். ஐந்தாவது பட்டது. ஆறாவதை விட்டுவிட்டு அவர் பார்க்கவேயில்லை.

ஃபோர்மன் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்: “ஐ டோல்ட் யூ, மேட்.”

அந்தச் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அவர் ஃபோர்மனைப் பார்த்தார். ஃபோர்மன் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவும் என் பக்கம் திரும்பினார்.

“என்ன பிள்ளை சொன்னவர்?”

நான் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சொல்லு. என்ன சொன்னவர்?”

“உங்களுக்கு இடது கண்தானாம். இடக்கையாலை இழுக்கச் சொன்னவர்.”

“எப்ப?”

“ஐஞ்சு கிழமைக்கு முந்தி.”

தூறல் தகரத்தில் விழுகிற சத்தம். அப்பா தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்று, ஃபோர்மனிடம் தானே ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. பிழை என்னுடையது. நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த வில்லைத் தாருங்கள்.

கொட்டகைக்குள்ளிருந்து சிலந்தி வலையோடு அது வந்தது. அப்பா வலது கையில் வில்லைப் பிடித்தார், இடது கையால் நாணை இழுத்தார். முதல் அம்பு வைக்கோலுக்கு மேலால் பறந்து புல்லுக்குள் போயிற்று. இரண்டாவது நிலத்தில் குத்தியது. மூன்றாவது தட்டுக்கு மேலே, நாலாவது தட்டில், ஐந்தாவது தட்டில், ஆறாவது தட்டுக்குக் கீழே. அப்பா நடந்து போய் அதைப் பார்த்தார். மேலும் கீழுமாக நாலு அம்பு, ஒரே நேர்கோட்டில். இடது பக்கம் ஒன்றுமில்லை. ஒரு விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழாகத் தடவினார். ஃபோர்மன் சீட்டி அடித்தார். ஆனால் சட்டம் சட்டம்தான். ஈஸ்டருக்கு அவர்கள் அப்பா இல்லாமல் போனார்கள்.

வீடு திரும்பும்போது, ரோவிலுக்குக் கிட்ட, அப்பா சிவப்பு விளக்கில் நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்கு ஏழு வயசு வரைக்கும் இடக்கைதான். பிறகு மாத்திப்போட்டினம்.”

“எப்பிடி மாத்தினவை?”

“மாத்திப்போட்டினம்.”

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின், “நீ அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் நான் அந்த வில்லைத் தொட்டிருக்க மாட்டன்” என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். அவர் இருக்கும்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாவிடம், “ஜூனுக்குத் தள்ளிப் போட்டிருக்கினம்” என்று மட்டும் சொன்னார்.

கார்க்கொட்டிலில் அவர் இடக்கையால் இழுப்பதை முதலில் கண்டபோது அம்மா பதறிப்போனார். “உதென்ன கோதாரி! ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?”

“முயலுக்கு எந்தக் கையெண்டு தெரியவே போகுது?”

ஆர் பார்த்தால் என்ற கேள்விக்குப் பதில் படியில் தயாராக நின்றது. மாடி வீட்டு அங்கிள் இரண்டு நாள் யோசித்துத்தான் கேட்டிருப்பார். “மாஸ்டர், ஒரு சந்தேகம். இடக்கையாலை அடிச்ச முயலை வலக்கையாலை தின்னலாமோ?”

“நீர் தின்னாதேயும். எங்களுக்கு மிச்சம்.”

இந்த முறை அப்பா கதவைச் சாத்தியபிறகும் சிரித்தார்.

மே மாதம் முழுக்க ஞாயிறுகளில் நான் கூடவே போனேன். ஆனால் எனக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. ஃபோர்மன் ஏதும் சொன்னால் அப்பா என் பக்கம் குனியவில்லை. கையை உயர்த்தி, “ஸ்லோலி, ப்ளீஸ்” என்றார். அந்த மனிதர் ஒன்றை ஒரு முறைக்கு மேல் சொல்லமாட்டார் என்றேன் அல்லவா, அப்பாவுக்கு மட்டும் இரண்டு முறை சொன்னார். சில சமயம் மூன்று. நான் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து அம்பின் இறகுகளை நீவிக்கொண்டிருந்தேன். அப்பா ஆறுக்கு ஐந்து அடித்த அன்று, நான் ஓடி வருவதற்குள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி முடித்துக் கைகுலுக்கிவிட்டார்கள்.

ஜூன் மாதத்து நீண்ட வார இறுதி விடுமுறை. கிப்ஸ்லாண்ட் பக்கம் ஃபோர்மனுக்குத் தெரிந்த பண்ணையில் வேட்டை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய வண்டி வாசலில் வந்து நின்றது. நான் என் பையில் இரண்டு சட்டையும் கம்பளிச் சட்டையும் வைத்துக்கொண்டு படியில் நின்றேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நான் இல்லாமல் அவர் எப்படிப் பேசுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா பையைப் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். “நீ வேண்டாம், பிள்ளை. நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக் கொள்ளுவம்.”

அன்பாகத்தான் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை அப்பா ஒரு முயலோடு வந்தார். மூன்று மணி நேரம் புல்லுக்குள் குந்தியிருந்தது, முதல் முயல் நாணின் சத்தத்துக்கே துள்ளி ஓடியது, இரண்டாவதில் பட்டது, அது அந்த இடத்திலேயே சாய்ந்தது, அதைத் தூக்கும்போது அதன் சூடு கையில் இருந்தது எல்லாம் சொன்னார். ஃபோர்மன் சொன்னதை அவர் குரலிலேயே, சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பேசிக் காட்டினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கறி மணத்துக்கு இறங்கி வந்த மாடி வீட்டு அங்கிள் கேள்வி ஒன்றும் கேட்காமல் வலக்கையால் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

அப்பாவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு இல்லை.

நாணை இழுத்து இழுத்து அவருடைய இடது நடுவிரல் வீங்கியிருந்தது. அந்தக் கிழமை டண்டினொங்கில் டாக்டரிடம் போனோம். வழக்கம்போல நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே வேகமாக ஏதோ சொன்னார். எனக்குத் தமிழ் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்பா குனிவார் என்று பார்த்தேன்.

அப்பா மேசைப் பக்கம் சாய்ந்தார். “அகேன், ப்ளீஸ். ஸ்லோலி.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பச் சொன்னார். அப்பா அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விளங்கவில்லை, மறுபடியும் கேட்டார். டாக்டர் மூன்றாம் முறையும் சொன்னார்.

எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியிருந்தது.